ஒரே பீலி

ஹட்டன் நீதிமன்றத்தில்
எனக்கு மேசை உண்டு, ஜன்னல் இல்லை.
மூன்று மொழியும் வந்து போகும் மேசை.

இன்றைய கட்டின் மேலே
ஒரு தோட்டத்து நிர்வாகியின் ஆங்கிலக் கடிதம்.
பெப்ரவரி ஒன்பது, காலை ஐந்தரை,
நாலாம் இலக்க லயத்துப் பீலியடியில்
இரண்டு 'ரைவல்' குடும்பங்கள் மோதிக்கொண்டன.
ஏழு தையல், யோகமேரியின் தம்பிக்கு.
கைதானது பூமலரின் புருஷன்.
அன்று மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாதோர் பதினொருவர்.
துரை அடிக்கோடு இட்டிருந்தது
பதினொருவருக்குக் கீழே.

ரைவல். என்ன போட?
பொலிஸ் அறிக்கையில், சிங்களத்தில், 'எதிரிக்காரயோ'.
நம்முடைய எதிரிதான்,
வால் கொஞ்சம் நீண்டு
காக்கிச் சட்டையில் நிற்கிறான்.
நான் எதிரி என்று எழுத முடியாது.
இந்தக் கட்டடத்துக்குள் எதிரி என்றால்
குற்றக்கூண்டில் நிற்பவர்.
ஒரு கைதுக்கு
இரண்டு வீடும் கூண்டேறிவிடும்.

போட்டியாளர் என்றால்
முடிவில் யாருக்காவது கப் கொடுக்க வேண்டும்.

பகையாளி?
வாங்கின் இரண்டு முனையில் இரண்டு பேரையும் பார்த்தேன்.
நடுவில் ஒரு பொலிஸ்காரி கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தாள்.
தை மாதச் சீட்டுக்கு
பூமலரின் காசை யோகமேரி கட்டியிருக்கிறாள்.
அது அறிக்கையில் இல்லை, வாக்குமூலத்தில்
வசவுக்கு நடுவே வந்தது.

பதிவாளர் அறையில் தடித்த அகராதி ஒன்று,
முதுகு கிழிந்து, கரப்பான் வாசத்தோடு.
பொருளுக்கெல்லாம் கீழே, பொடி எழுத்தில்
சொல் பிறந்த கதை:
லத்தீனில் ரீவுஸ் என்றால் ஓடை.
ரிவாலிஸ் என்றால்
இன்னொருவரோடு ஒரே ஓடையில்
தண்ணீர் எடுப்பவர்.
அவ்வளவுதான்.
கத்தி இல்லை, கொடி இல்லை.

ரோமாபுரிக்கும் ஒரு மாசி மாதம் வந்திருக்கும்.
ஓடை நூலாகியிருக்கும்.
யாரோ தன் பானையை
யாருடைய பானைக்கோ முன்னால்
காலால் நகர்த்தியிருப்பார்கள்.

பிறகு வெட்கமாயிருந்தது,
இதற்காக லத்தீன் வரைக்கும் நடந்ததற்கு.
பங்காளி என்கிறோமே.
பங்கு உள்ளவன், அதனாலேயே ஆகாதவன்.
சக்களத்தி என்னும்போதும்
என் காதில் முதலில் விழுவது 'சக'.
பங்கில்லாதவனோடு நமக்கு என்ன சண்டை?

கடிதத்தோடு ஒரு வரைபடம் இணைத்திருந்தார்கள்.
உச்சியில் ஊற்று, பச்சை மையில்.
அங்கிருந்து இரண்டங்குலக் குழாய்
பங்களாவுக்கும் அதன் ரோஜாக்களுக்கும்.
மிச்சம் கீழே இறங்கி, அரையங்குலமாகி
அறுபத்திரண்டு வீட்டுக்கு ஒரு பீலி.
அகராதிப்படி பார்த்தால்
அந்த ஓடையில் மூன்று பேர்.
கடிதம் எண்ணியது இரண்டு.
எண்ணியவர் அடியில் கையொப்பமிட்டிருந்தார்.

நான் எழுதினேன்:
ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கும் இரு குடும்பங்கள்.
பதிவாளர் சிவப்புப் பேனையால் வெட்டி
'முரண்பட்ட தரப்பினர்' என்று போட்டார்.
சரியான தமிழ்தான்.
பிழிந்தாலும் சொட்டாத தமிழ்.

மார்ச் இருபதுக்குத் தவணை.
கலையும்போது யோகமேரி என்னிடம் கேட்டாள்,
"மிஸ், இங்க தண்ணி எங்க?"
நான் வாய் திறப்பதற்குள்
பூமலர், சுவரைப் பார்த்தபடியே:
"பின்னுக்கு, கக்கூஸ் பக்கம்.
கொஞ்சம் திருகிப் புடிக்கணும்."

அலுமாரிக்குள் இருக்கிறது அலுமினியக் குடம்.
வயிறு ஒடுங்கி, கழுத்தில் சீட்டுக் கட்டி:
தடயப்பொருள் ஒன்று.
அது யாருடைய குடம் என்று
மூன்று மொழியிலும் யாரும் எழுதவில்லை.
எந்த வீடாயிருந்தால் என்ன,
இருபதாம் திகதி வரைக்கும்
எதில் பிடிப்பார்கள்?